வெப்கேம் வழியாக யாராவது நம்மைப் பார்க்கிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது லேப்டாப் வாங்கியவர்கள், வீட்டுக்கு சிசிடிவி போட்டவர்கள், மிரட்டல் மெயில் வந்து பதறிப்போனவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கேமராவை ஹேக் செய்வது என்றதும் எல்லோரும் லேப்டாப்பின் மேல் விளிம்பில் இருக்கும் புள்ளியைத்தான் பார்க்கிறார்கள். அதைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டிய கேமரா பெரும்பாலும் சுவரில் இருக்கிறது. அந்தக் கேமராவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லேப்டாப் கேமராவை வெளியாள் உண்மையிலேயே திறந்து பார்க்க முடியுமா, இல்லை வெறும் பீதியா?

முடியும். அதற்குப் பெரிய நிபுணர் தேவையும் இல்லை. 'ரிமோட் ஆக்சஸ் ட்ரோஜன்', சுருக்கமாக 'ராட்' என்று ஒரு வகை மென்பொருள் உண்டு. அது உங்கள் கணினியில் ஏறிவிட்டால், அனுப்பியவர் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே உங்கள் ஃபைல்களைப் புரட்டலாம், நீங்கள் தட்டுவதையெல்லாம் படிக்கலாம், கேமராவை ஆன் செய்யலாம். 'பிளாக்ஷேட்ஸ்' என்ற அப்படியொரு மென்பொருள் 40 டாலருக்குக் கிடைத்தது. 2014 மே மாதம் எஃப்பிஐயும் ஐரோப்பிய போலீஸும் சேர்ந்து 90 பேருக்கு மேல் கைது செய்தபோது, அது 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 5 லட்சம் கணினிகளில் ஏறியிருப்பது தெரியவந்தது.

இதில் அதிகம் பேசப்பட்டது கேசிடி வுல்ஃப் வழக்கு. 2013-இல் மிஸ் டீன் யுஎஸ்ஏ பட்டம் வென்றவர். பட்டத்துக்குச் சில மாதம் முன்பு அவருக்கு ஒரு மெயில் வந்தது. அவருடைய சொந்த அறையில், அவருடைய லேப்டாப் கேமராவே எடுத்த படங்கள் அதில் இருந்தன. சொன்னபடி கேட்காவிட்டால் படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டல். அவர் பணியவில்லை, புகார் கொடுத்தார். பிடிபட்டவர் அவர் படித்த அதே பள்ளியில் படித்த 19 வயது இளைஞர். வேறு பல பெண்களையும் அவர் இதே மாதிரி மிரட்டியிருந்தார். 18 மாதச் சிறை கிடைத்தது.

ஹேக்கர் என்றதும் கண்காணாத நாட்டில் இருப்பவரைக் கற்பனை செய்கிறோம். இந்த வகைக் குற்றத்தில் ஆள் பல நேரம் தெரிந்தவராகவே இருப்பார்.

கேமரா ஓடினால் பக்கத்தில் விளக்கு எரியுமே, அதை நம்பக் கூடாதா?

முழுதாக நம்ப வேண்டாம். கேசிடி வுல்ஃப் தன் கேமரா விளக்கு எரியவே இல்லை என்றுதான் சொன்னார். அதே 2013-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். 2008-க்கு முன் வந்த ஆப்பிள் மேக்புக்குகளின் கேமராவுக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. அந்தச் சிப்பில் ஓடும் நிரலை மாற்றி எழுதிவிட்டால் விளக்கு எரியாமலே படம் எடுக்கலாம்.

இப்போது வரும் நல்ல லேப்டாப்புகளில் கேமராவுக்குப் போகும் மின்சாரமே விளக்குக்கும் போகும்படி அமைக்கிறார்கள். அப்படி இருந்தால் ஏமாற்றுவது மிகக் கடினம். ஆனால் உங்கள் மாடல் எந்த ரகம் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் விளக்கு எரிந்தால் கட்டாயம் கவனியுங்கள், எரியாததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். இன்னொன்று: ஒரே ஒரு படம் எடுப்பதற்கு விளக்கு ஒரு நொடி மினுக்கினால் போதும். நீங்கள் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் முடிந்துவிடும்.

பள்ளியோ ஆபீஸோ கொடுத்த லேப்டாப் பாதுகாப்பானதுதானே?

வெளியாளிடமிருந்து, ஓரளவு. கொடுத்தவரிடமிருந்து?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் லோயர் மெரியன் என்ற பள்ளி மாவட்டம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எல்லோருக்கும் மேக்புக் கொடுத்தார்கள். லேப்டாப் திருடு போனால் கண்டுபிடிக்க என்று அதில் ஒரு மென்பொருளையும் போட்டிருந்தார்கள். அதை முடுக்கிவிட்டால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை கேமரா படம் எடுக்கும், திரையில் இருப்பதையும் எடுத்து அனுப்பும். மாணவர்களுக்கோ பெற்றோருக்கோ இதைச் சொல்லவில்லை. கேமரா விளக்கு அவ்வப்போது மினுக்குகிறதே என்று கேட்ட பிள்ளைகளுக்கு ஏதோ கோளாறு என்று பதில் வந்தது. 2009 நவம்பரில் ஒரு மாணவரைத் துணை முதல்வர் கூப்பிட்டு, அவர் வீட்டில் தவறு செய்ததாகச் சொல்லி, ஆதாரமாக இந்தக் கேமரா எடுத்த படத்தைக் காட்டினார். மாத்திரை என்று பள்ளி சந்தேகப்பட்டது மிட்டாய் என்று மாணவர் சொன்னார்.

2010 பிப்ரவரியில் குடும்பம் வழக்குப் போட்டது. விசாரணையில் 50,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. அக்டோபரில் மாவட்டம் 6,10,000 டாலருக்குச் சமரசம் பேசியது.

ஆபீஸ் லேப்டாப்பில் ஐடி பிரிவுக்கு முழு அதிகாரம் உண்டு, எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். வேலை முடிந்ததும் மூடி வையுங்கள். படுக்கையறையில் திறந்தபடி சார்ஜ் போட வேண்டாம்.

டேப் ஒட்டினால் போதுமா?

பார்ப்பதைத் தடுக்கப் போதும், அதுவும் முழுமையாக. எவ்வளவு கெட்டிக்கார ஹேக்கராலும் ஒட்டிய டேப்பைத் தாண்டிப் பார்க்க முடியாது. 2016 ஜூனில் இன்ஸ்டாகிராமுக்கு 50 கோடிப் பேர் சேர்ந்ததைக் கொண்டாடி மார்க் ஜுக்கர்பெர்க் ஒரு படம் போட்டார். பின்னால் மேசையில் இருந்த லேப்டாப்பில் கேமராவும் மைக் துளையும் டேப்பால் மூடியிருந்ததை ஊரே பார்த்தது. அப்போதைய எஃப்பிஐ இயக்குநர் ஜேம்ஸ் கோமியும் தான் டேப் ஒட்டியிருப்பதாக அதே ஆண்டு சொன்னார். ஒட்டியதற்காக உங்களை யாராவது கேலி செய்தால் இந்த இரண்டு பேரைச் சொல்லுங்கள்.

எலக்ட்ரிக் வேலைக்கு வைக்கும் கறுப்பு இன்சுலேஷன் டேப் நன்றாக மறைக்கும், ஆனால் பசை லென்சில் ஒட்டி, பிறகு மீட்டிங்கில் முகம் மங்கலாகத் தெரியும். லென்சின் மேல் வரும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை. ஆன்லைனில் விற்கும் தள்ளித் திறக்கும் பிளாஸ்டிக் மூடிகளில் கவனம் தேவை. திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. கேமராமேல் மூடியோடு மேக்புக்கை மூடினால் திரை உடையலாம் என்று ஆப்பிள் 2020-இல் எச்சரித்தது. 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு, அதாவது சாதாரணப் பிரிண்டர் காகிதம் அளவு. லேப்டாப்போடே ஷட்டர் வந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

டேப்பால் ஆகாதது இரண்டு. மைக்கின் மேல் ஒட்டினாலும் ஒலியை அது முழுதாக அடைக்காது. அதோடு, கேமராவைத் திறக்க முடிந்தவர் ஏற்கெனவே உங்கள் கணினிக்குள் இருக்கிறார். பேங்க் பாஸ்வேர்டும் மெயிலும் போட்டோக்களும் அவர் கையில். டேப் ஒட்டிவிட்டோம் என்று அந்தக் கதவை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் உள்ளே எப்படி வருகிறார்கள்?

பெரும்பாலும் நாமே கூப்பிட்டுத்தான். நம் ஊரில் முதல் வழி கிராக் மென்பொருள், அதாவது காசு கொடுக்காமல் பூட்டுடைத்துப் பயன்படுத்தும் திருட்டு மென்பொருள். போட்டோஷாப்புக்கும் வீடியோ கேமுக்கும் 'ஆக்டிவேட்டர்' தேடி இறக்குவோம், அது முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொல்லும், நாமும் செய்வோம். அதற்கு மேல் எந்தப் பாதுகாப்பும் உதவாது. இரண்டாவது, மெயிலில் வரும் இன்வாய்ஸ், கூரியர் ரசீது. மூன்றாவது, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல், அதாவது ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்: கல்யாணப் பத்திரிகை என்றும் டிராஃபிக் சலான் என்றும் பெயர் வைத்து வரும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஆப்பாக வராது. இவை பெரும்பாலும் ஓடிபிக்காக வருபவை என்றாலும், கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்தால் கேமராவும் அதில் அடக்கம்.

அப்புறம் 'பேங்கிலிருந்து பேசுகிறேன், எனிடெஸ்க் போடுங்கள்' என்று சொல்பவர்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் நியாயமான மென்பொருள்கள்தான். அவை திரையில் காட்டும் எண்ணை யாருக்குச் சொல்கிறோம் என்பதில்தான் சிக்கல். ரிப்பேருக்குக் கொடுத்து வாங்கிய கணினியில் இவை மிச்சமிருக்கின்றனவா என்று பாருங்கள், தேவையில்லை என்றால் எடுத்துவிடுங்கள்.

கேமராவை எந்த ஆப் பயன்படுத்தியது என்று எங்கே பார்ப்பது?

விண்டோஸில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் கேமரா. எந்த ஆப் கடைசியாக எப்போது கேமராவைத் தொட்டது என்று தேதியும் நேரமும் இருக்கும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரம் அங்கே தெரிந்தால் விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் எல்லா மென்பொருளும் இந்தப் பட்டியலுக்குள் அடங்கும் என்று மைக்ரோசாஃப்டே உறுதி தருவதில்லை. கேமரா தேவையே படாதவர்கள் டிவைஸ் மேனேஜரில் போய் கேமராவை 'டிசேபிள்' செய்து வைக்கலாம். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் இதே பெயரில்தான் அனுமதிப் பட்டியல் இருக்கிறது.

போனில் இன்னும் எளிது. ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 12 முதல், கேமரா ஓடும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி வரும். ஆண்ட்ராய்டில் மேலிருந்து கீழே இழுக்கும் பட்டையில் கேமராவையும் மைக்கையும் மொத்தமாக நிறுத்தும் பொத்தானும் உண்டு. பலரும் டார்ச் எரிக்க மட்டுமே அந்தப் பட்டையை இழுக்கிறார்கள்.

பிரௌசரிலும் மீட்டிங் ஆப்பிலும் ஆபத்து உண்டா?

ஓட்டைகள் அவ்வப்போது வரும், அடைக்கப்படும். 2019 ஜூலையில் மேக் கணினிகளில் ஜூம் ஆப்பில் ஒரு ஓட்டை வெளியானது. ஒரு வலைப்பக்கத்தைத் திறந்தாலே உங்களைக் கேட்காமல் கேமரா ஆன் ஆன நிலையில் மீட்டிங்கில் சேர்த்துவிட முடிந்தது. ஆப்பை நீக்கிய பிறகும் அது விட்டுவைத்த ஒரு துணுக்கு உள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆப்பிளே ஒரு அப்டேட் அனுப்பி அதைத் துடைத்தது. ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மீட்டிங்கில் சேரும்போது வீடியோ ஆஃப் என்று செட்டிங்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் போட்ட சிசிடிவியை யாராவது பார்க்க முடியுமா?

லேப்டாப்பைவிட இதுதான் என் கவலை. லேப்டாப் கேமரா எப்போதாவது ஓடுகிறது. இது 24 மணி நேரமும் ஓடுகிறது, பதிவும் செய்கிறது, இன்டர்நெட்டோடும் சேர்ந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி காட்சிகள், பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் உட்பட, யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்து விலைக்குப் போயின. பரிசோதனை அறையில் கேமரா எதற்கு என்ற கேள்வி ஒரு பக்கம். அந்தப் பதிவு வெளியாள் கைக்கு எவ்வளவு சுலபமாகப் போனது என்பது இன்னொரு பக்கம்.

சுலபமாகப் போகக் காரணம் பாஸ்வேர்ட். 2016-இல் 'மிராய்' என்ற வைரஸ் இன்டர்நெட்டில் இருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் (கேமரா காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டிகள்) ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அதற்கு எந்த மந்திரமும் தேவைப்படவில்லை. ஃபேக்டரியில் போட்டு அனுப்பும் யூசர்நேம், பாஸ்வேர்ட் ஜோடிகள் சுமார் 60-ஐ ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிப் பிடித்த கருவிகளை வைத்து அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பல மணி நேரம் திறக்க முடியாதபடி செய்தார்கள். பாஸ்வேர்டை மாற்றாத கேமரா, பூட்டிவிட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட வீடு மாதிரி.

நம் ஊரில் இதற்கு மேல் ஒரு விஷயம் உண்டு. கேமரா மாட்ட வருபவர் வேலை முடித்து டிவிஆர் முன்னால் உட்காருவார். கடைப் பெயரோடு 123 சேர்த்து ஒரு பாஸ்வேர்ட் வைப்பார், எல்லா வீட்டுக்கும் அதேதான். பிறகு தன் போனில் ஆப்பைத் திறந்து கியூஆர் கோடை ஸ்கேன் செய்து, 'பாருங்க சார், லைவ் வருது' என்று காட்டுவார். கடைசியில் உங்கள் போனுக்கு 'ஷேர்' செய்துவிட்டுப் போவார். என்ன நடந்திருக்கிறது என்றால், உங்கள் வீட்டுக் கேமராவுக்கு உரிமையாளர் அவர். நீங்கள் விருந்தாளி. அவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் போன் தொலைந்தாலோ, வேலையை விட்டுப் போனாலோ?

அதனால் ஆள் கிளம்பும் முன்பே சில வேலைகளை முடியுங்கள். ஆப்பில் கணக்கை உங்கள் மெயிலில் நீங்களே தொடங்கி, உங்கள் போனில் ஸ்கேன் செய்யுங்கள். ஏற்கெனவே அவர் கணக்கில் இருந்தால், அவரை வைத்துக்கொண்டே அதிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். டிவிஆரின் அட்மின் பாஸ்வேர்டை நீங்களே தட்டி மாற்றுங்கள், அந்த நேரம் அவரை ஒரு நிமிடம் வெளியே நிற்கச் சொல்வதில் தப்பில்லை. யூசர் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் அழியுங்கள். ஆப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தால் போடுங்கள். வெளியூரிலிருந்து பார்க்கத் தேவையில்லாதவர்கள் டிவிஆரை நெட்டோடு இணைக்கவே வேண்டாம். பதிவு எப்படியும் ஹார்டு டிஸ்கில் ஆகும்.

எந்த பிராண்டு என்று கேட்பார்கள். அமெரிக்காவில் 'ரிங்' பெரிய பெயர், அமேசானுடையது. அதன் ஊழியர் ஒருவரே பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்திருக்கிறார் என்று 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது, 58 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தார்கள். பிராண்டை விட எங்கே மாட்டுகிறோம் என்பது முக்கியம். வாசல், மாடிப்படி, கார் நிறுத்தும் இடம் சரி. ஹால் யோசிக்க வேண்டியது. படுக்கையறை வேண்டாம். குழந்தையைப் பார்க்க வைத்தாலும், அது தூங்கிய பிறகு கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு நீங்கள் உடை மாற்றுங்கள்.

'உன் வெப்கேம் வழியாக வீடியோ எடுத்துவிட்டேன், பிட்காயின் அனுப்பு' என்று மெயில். பாஸ்வேர்டையும் சரியாகச் சொல்லியிருக்கிறார். என்ன செய்வது?

எதுவும் அனுப்ப வேண்டாம். 2018-லிருந்து சுற்றும் மெயில் இது, ஒரே வாசகம் லட்சக்கணக்கானோருக்குப் போகிறது. அந்தப் பாஸ்வேர்ட் உங்கள் கணினியிலிருந்து எடுத்தது இல்லை. நீங்கள் எப்போதோ கணக்கு வைத்த ஒரு தளம் களவு போனபோது வெளியான பழைய பாஸ்வேர்ட். உங்கள் மெயிலிலிருந்தே வந்த மாதிரி அனுப்புவதும் எளிய தந்திரம்தான். அமெரிக்காவில் 2024-இல் வந்த மெயில்களில் வீட்டு வாசல் படமே இருந்தது, அது கூகுள் மேப்பில் எடுத்தது.

உண்மையில் வீடியோ வைத்திருப்பவர் அதிலிருந்து ஒரு படத்தையாவது அனுப்புவார். கேசிடி வுல்ஃபுக்கு வந்த மெயிலில் படங்கள் இருந்தன. இதில் இருப்பது வெறும் வசனம். அந்தப் பாஸ்வேர்டை இன்னும் எங்காவது பயன்படுத்தினால் மட்டும் இன்றே மாற்றுங்கள்.

தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப் வீடியோ கால். எடுத்ததும் ஒரு பெண் ஆடையில்லாமல். இப்போது பணம் கேட்கிறார்கள். போன் ஹேக் ஆகிவிட்டதா?

இல்லை, போனில் எதுவும் ஏறவில்லை. அந்தப் பக்கம் ஓடுவது பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்த வீடியோ. நீங்கள் பார்க்கும் சில நொடிகளை உங்கள் முகத்தோடு சேர்த்து ரெக்கார்டு செய்துகொள்கிறார்கள். மறுநாள் போலீஸ் அதிகாரி என்றும் யூடியூப் அலுவலகம் என்றும் வேறு குரல்கள் வரும், எல்லாம் ஒரே கும்பல். ஒரு முறை கொடுத்தால் அடுத்த தொகை இன்னும் பெரிதாக வரும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள், ஃபேஸ்புக் நண்பர் பட்டியலை மறையுங்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அவர்கள் கையில் இருப்பது உங்கள் வெட்கம் மட்டும்தான். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பை மௌனமாக்கும் வசதியும் இருக்கிறது.

உண்மையிலேயே மாட்டிக்கொண்டேன், என் படத்தையே அனுப்பியிருக்கிறார்கள். முதலில் என்ன?

முதலில் அந்தக் கணினியின் நெட்டைத் துண்டியுங்கள். மெயிலையும் சாட்டையும் அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. வேறு ஒரு சாதனத்திலிருந்து மெயில், பேங்க், சமூக ஊடகப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து மாற்றினால் புதியதும் அவருக்குத் தெரிந்துவிடும். புகார் கொடுத்து, போலீஸ் பார்த்த பிறகு கணினியை முழுதாக ஃபார்மட் செய்வது நல்லது. ஆன்டிவைரஸ் ஓட்டிச் 'சுத்தம்' என்று வந்ததை வைத்து விட்டுவிடாதீர்கள்.

இந்தியாவில் புகாருக்கு 1930 என்ற எண்ணும், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளமும் உண்டு. 1930 முக்கியமாகப் பணம் போன வழக்குகளுக்கு, படம் சம்பந்தப்பட்டதைத் தளத்தில் பதிவு செய்யுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் அங்கே கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியில்லாமல் படம் எடுப்பதற்கும் பரப்புவதற்கும் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. தனிமையில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதோ படமெடுப்பதோ புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் வரும்.

படம் பரவும் என்ற பயம் இருந்தால் 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற தளம் உதவும். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 'டேக் இட் டவுன்'. படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் சாதனத்திலேயே அதற்கு ஒரு அடையாளக் குறி உருவாகும், அந்தக் குறி மட்டும்தான் வெளியே போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்றவை அதே படம் ஏறினால் தடுக்கின்றன.

பழைய டிவிஆர், லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஹார்டு டிஸ்கைக் கழற்றிக்கொண்டு. டிவிஆரின் மூடியைக் கழற்றினால் உள்ளே தெரியும், சில ஸ்க்ரூக்கள்தான். அதற்கு 500 ரூபாய் குறைத்துக் கொடுப்பேன் என்று கடைக்காரர் சொன்னாலும் கழற்றிவிடுங்கள். ஆப்பிலிருந்து அந்தக் கேமராக்களை நீக்கிவிட்டு, ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுக் கொடுங்கள்.